ஸ்பீக்கருக்குள் சின்னப்பா

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சுரங்க ஊரின் பாலகாட் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காரை எட்டவே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் மூடிக்கிடக்கிறது, அதன் இரும்புக் கோபுரத்தடியில் இடம் கிடைக்காது. பங்காருபேட்டையிலிருந்து வந்திருப்பார்கள், பேத்தமங்களாவிலிருந்து வந்திருப்பார்கள், பெங்களூரிலிருந்துகூடக் குடும்பத்தோடு வந்திருப்பார்கள். எல்லாக் கார்களின் கதவும் திறந்திருக்கும். எல்லா ஸ்பீக்கரும் உறுமிக்கொண்டிருக்கும். பாட்டு எதுவும் கிடையாது. பாட்டுக் கேட்க யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா? செத்தவர்கள் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறார்கள்.

தங்கம் தோண்டிய காலத்தில்கூட ஊருக்கு இத்தனை கார் வந்ததில்லை. இப்போது சுரங்கம் இல்லை, வேலை இல்லை. ஆட்கள் விடியுமுன்னே ரயிலேறி பெங்களூருக்குப் போய் இருட்டியபிறகு திரும்புகிறார்கள். ஊருக்கு வேலை வேண்டும் என்று யாராவது கூட்டம் போட்டால் வாடகை நாற்காலிகள் மட்டும் வரும். பேய் பேசுகிறது என்றதும் பானிபூரி வண்டிகளே வரிசையாக வந்துவிட்டன. பிழைக்கத் தெரிந்த பேய்.

இந்தப் புதுத்தொழிலுக்கு முதலாளி சப்த சாமி. வெள்ளை வேட்டி, மெல்லிய வெள்ளை ஜிப்பா, மார்பு வரைக்கும் தாடி. கழுத்தில் உருத்திராட்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஹெட்போன். அதன் ஒயர் எதிலும் சொருகியிருக்காது, சும்மா தொங்கும். ஆத்மாவோடு பேச ஒயர் எதற்கு என்று பக்தர்கள் விளக்கம் சொல்வார்கள். சாமி எதற்கும் விளக்கம் சொல்வதில்லை. அதுதான் அவருடைய திறமை. விளக்கத்தை ஜனங்களிடமே விட்டுவிட்டால் அவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்லிவிடுவார்கள்.

பூர்வாசிரமத்தில் சாமியின் பெயர் நேசமணி. பங்காருபேட்டையில் கார்களுக்கு ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் மாட்டிக்கொடுக்கும் கடை வைத்திருந்தார். கடை ஓடவில்லை. மூடினார், கொஞ்ச நாள் காணாமல் போனார், தாடியோடு திரும்பினார். அவர் கடையில் ஸ்பீக்கர் மாட்டியவர்களே இப்போது அவர் காலில் விழுகிறார்கள், அடையாளம் தெரியவில்லை. தாடிக்கு நாம் கொடுக்கும் மரியாதை அப்படி.

அற்புதம் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சுரங்கம் ஓடிய நாளில் ஆட்களைக் கீழே இறக்குவதும் மேலே ஏற்றுவதும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு. கூண்டை இழுக்கும் வைண்டிங் இன்ஜின் மேலே இருக்கும், ஏறுகிற ஆள் கீழே இருப்பான். இருவருக்கும் நடுவே பேச்சு கிடையாது, மணிதான். மூன்று தட்டு தட்டினால் கூண்டில் இருப்பது கல் இல்லை, ஆள், பார்த்து இழு என்று அர்த்தம். தட்டி முடித்ததும் இன்ஜின் முனக ஆரம்பிக்கும். வேகம் ஏற ஏற முனகலும் ஏறும். ஊரில் பாதிப் பேர் இந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

இப்போது கொர்னேலியஸின் காருக்கு வருவோம். கொர்னேலியஸ் வாடகைக் கார் ஓட்டுகிறவன். பாட்டுப் பைத்தியம். நேசமணிக்குத் தாடி முளைப்பதற்கு முன்பே அவர் கடையில் ஆம்ப்ளிபயர் மாட்டிக்கொண்டவன். மாட்டிய நாளிலிருந்து ஸ்பீக்கரில் இரண்டு கோளாறு. அவ்வப்போது ‘டிட்டிடிட், டிட்டிடிட்’ என்று மும்மூன்றாகத் தட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ‘ஙொய்ய்ய்’ என்று ஒரு முனகல், வண்டியின் வேகத்தோடு சேர்ந்து ஏறும். வேறு ஊராக இருந்தால் மெக்கானிக்கிடம் போய்த் திட்டியிருப்பான். இது எங்கள் ஊர். ஒருநாள் அவன் காரில் தேவா ஏறினார். தேவா அந்தக் காலத்தில் ஷாப்ட் வாசலில் மணி அடித்தவர், இப்போது பென்ஷன்காரர். ஸ்பீக்கர் தட்டியது. தேவா காரை நிறுத்தச் சொன்னார். இன்னொரு தரம் தட்டியது. வண்டி நகர்ந்ததும் முனகியது. தேவாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"மூணு தட்டு. அப்பால வைண்டிங் இன்ஜின்," என்றார். "டேய் கொர்னேலியஸ், இது உங்கப்பன்டா. மேல இஸ்துக்கச் சொல்றான்."

கொர்னேலியஸின் அப்பா சின்னப்பா, மகன் கைக்குழந்தையாக இருந்தபோது இதே பாலகாட் ஷாப்ட்டில் பாறை வெடித்துச் செத்தவர். உடலை மேலே கொண்டுவந்து, ஜெபம் செய்து, அடக்கமும் செய்தாகிவிட்டது. அதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்வது? தேவா பௌத்தக் குடும்பம் வேறு. பேரன் கேட்டான், நம்ம மதத்தில் ஆத்மாவே கிடையாது என்று நீங்கள்தானே தாத்தா சொல்வீர்கள் என்று. தேவா யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆத்மா இல்லதான். ஆனா இது சின்னப்பா ஆச்சே," என்றார்.

கொர்னேலியஸுக்கு முதலில் பயம், பிறகு பரம சந்தோஷம். காரணம் இருந்தது. அப்பா தட்டினால் சவாரி வந்தது. தட்டுச் சத்தம் கேட்கும், ஒரு மூச்சு விடுவதற்குள் போன் அடிக்கும், யாரோ ஆஸ்பத்திரிக்கோ ஸ்டேஷனுக்கோ கார் கேட்பார்கள். தவறியதே இல்லை. செத்தும் பிள்ளைக்குச் சவாரி பிடித்துக் கொடுக்கிற தகப்பன் என்று ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. சவாரிக்கென்று அவன் வைத்திருந்த பழைய பட்டன் போன், ஸ்பீக்கர் ஒயருக்குப் பக்கத்தில் கியர் ஓரமாகக் கிடந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேய் இருக்கும்போது போனை யார் பார்ப்பார்கள்?

செய்தி பங்காருபேட்டைக்குப் போனது. நேசமணி உட்கார்ந்து யோசித்தார். தான் மாட்டிக்கொடுத்த கோளாறுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு சப்த சாமியாக வந்து இறங்கினார். அதன்பிறகு அவர் எந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தாலும் அந்தக் காரில் ஏதாவது ஒரு ஆத்மா தட்டியது. போன் வைத்துப் பாட்டுக் கேட்க ஒரு ஒயர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் நுனியைச் சாமி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். ஆத்மா வருகிற வாசல் அதுதானாம். சுரங்கத்தில் யாரையும் இழக்காதவர்களின் காரிலும் தட்டியது. அவர்கள் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்து, ஒரு சித்தப்பாவையாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள்.

தட்டோடு நின்றிருந்தால் போகிறது. ஆத்மா முழுதாக மேலே வர வேண்டுமானால் காரையே ஷாப்ட்டடியில் சாவியோடு சமர்ப்பிக்க வேண்டும் என்று சாமிக்குப் புதிதாக உத்தரவு வந்தது. இரண்டு பேர் சமர்ப்பித்தார்கள். அந்தக் கார்கள் மறுநாளிலிருந்தே பங்காருபேட்டை ஸ்டேஷன் வாசலில் ஆத்மாக்களை ஏற்றி இறக்கின. ஆத்மாக்கள் சீட்டுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தன.

மூன்றாவதாகச் சாமி கைகாட்டியது கொர்னேலியஸின் காரை. அதுதான் மூலவர், மற்றதெல்லாம் உற்சவர். காரைக் கொடுத்தால் சின்னப்பா தட்டுவதை விட்டுப் பேசவே செய்வார் என்றார். கொர்னேலியஸ் விழித்தான். அவன் அம்மா ஞானசுந்தரி யோசிக்கவே இல்லை, வரும் ஞாயிறே கொடுத்துவிடலாம் என்றாள்.

அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சின்னப்பா செத்த அன்று காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ அற்பக் காரியத்துக்குச் சண்டை போட்டார்கள். அவர் டிபன் டப்பாவை எடுக்காமல் ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். டப்பா அடுப்பு மேடையில் இருந்தபடியே இருந்தது. கோபத்தில்தான் விட்டுப் போனாரா என்று அவரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அதற்கு இந்தக் கார் போனால்தான் என்ன என்று நினைத்தாள். இத்தனை வருடமாக நெஞ்சில் கிடந்த கேள்வி. இப்படிப்பட்ட கேள்வி எந்த வீட்டில் இருக்கிறதென்று மோப்பம் பிடிப்பதுதான் சாமியார்களின் முழுப் படிப்பும். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கார் போனால் அந்த வீட்டில் பாதி அடுப்புதான் எரியும். மீதியை எரிப்பவள் கொர்னேலியஸின் மனைவி வினோலியா. தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு கேபிள் டிவி கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை செய்கிறாள். அவளும் நாள் முழுக்க ஹெட்போன் மாட்டியிருப்பாள், ஆனால் அவளுடைய ஒயர் சொருகியிருக்கும். படம் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம், ஒரு ஒயரைக் கழற்றுங்கள், பாருங்கள், திரும்ப மாட்டுங்கள், அடுத்ததைக் கழற்றுங்கள் என்று பொறுமையாகச் சொல்வாள். வீட்டில் குழம்பு கெட்டுப்போனாலும் எந்தச் சாமானால் கெட்டது என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கிறவள்.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலிலிருந்து இறங்கியதும், காரோடு வரச் சொல்ல அந்தப் பட்டன் போனுக்குக் கூப்பிட்டாள். கொர்னேலியஸ் குதூகலமாக எடுத்தான்.

"இப்பதான் அப்பா தட்டினாரு, ஒடனே நீ கூப்ட்ட."

"நேத்தும் தட்டினாரா?"

"நீ கூப்புடும்போதெல்லாம் தட்டுறாரு. உன் மேல அவ்ளோ பாசம் அவருக்கு."

"அவரு செத்தப்ப நான் பொறக்கவே இல்லீங்க," என்றாள் வினோலியா. வீட்டுக்கு வரும்வரை அவள் வேறு எதுவும் பேசவில்லை. கொர்னேலியஸ் அதை பக்தி என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் காரை வாசலில் நிறுத்திப் புகார்ப் பிரிவைத் திறந்தாள். இன்ஜினை அணைத்தாள், முனகல் நின்றது. பட்டன் போனைக் கியர் ஓரம் வைத்துத் தன் போனிலிருந்து அதைக் கூப்பிட்டாள், சின்னப்பா தட்டினார். போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். போன் உள்ளே அடித்தது, காரில் சின்னப்பா வாயைத் திறக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து வைத்தாள், தட்டினார். கணவனிடம் சொன்னாள்: இந்தப் பழைய போன் அடிப்பதற்கு முன்னால் டவரோடு பேசிக்கொள்ளும், அந்தப் பேச்சு பக்கத்து ஒயரில் புகுந்து ஸ்பீக்கரில் கேட்கிறது, சவாரி வருவதால்தான் தட்டுகிறது, தட்டுவதால் சவாரி வரவில்லை. கொர்னேலியஸ் தானே ஒரு தரம் செய்து பார்த்தான். முகம் சிறுத்துவிட்டது. எனக்குப் புரிகிறது, அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டான்.

வினோலியாவே சொன்னாள். ஞானசுந்தரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "போன்ல வர்றது போன்ல வரட்டும்மா," என்றாள். "சாமி கைல போனே கெடையாது. அவரு உக்காந்தா வர்றாரே, அது இன்னா?"

நியாயமான கேள்விதான். பதிலைத் தேட ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பாலகாட்டுக்குப் போனார்கள். ஞானசுந்தரி ஆராதனையை முடித்துவிட்டு, வேதப்புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்பே சர்ச் ஆட்களில் பாதிப் பேர் அங்கே வந்து இடம் பிடித்திருந்தார்கள். மூலவர் காருக்கு மாலை போட்டிருந்தது. சாமி முன்சீட்டில் அமர்ந்து கண்ணை மூடினார். சாவியை வாங்கக் கையை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

வினோலியா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, புகார்ப் பிரிவுக் குரலிலேயே கேட்டாள்.

"தேவா பெரீப்பா, ஆளுங்கள ஏத்தறதுக்கு முந்தி கேஜ இன்னா பண்ணுவீங்க?"

தேவாவுக்கு இந்த மாதிரிக் கேள்வி யாராவது கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. "காலி கேஜ ஒரு ட்ரிப் கீழ வுட்டு மேல இஸ்துப் பாப்போம்," என்றார். "அது பாக்காம எவனும் காலு வெக்கமாட்டான். மேனேஜரே வந்தாலும் வுடமாட்டோம்."

"நாங்க கார குடுக்கப் போறோம். அதுக்கு முந்தி ஒரு காலி ட்ரிப் பாத்துக்கட்டுமா?"

பென்ஷன்காரர்கள் தலையாட்டினார்கள். இதில் தப்புச் சொல்ல அவர்களால் முடியாது, ஆயுசு முழுக்கச் செய்த காரியம். வினோலியா கேட்டதும் சின்னதுதான்: எல்லோருடைய போனும் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் இருக்கட்டும். பிரியாணி விற்கும் ரத்தினம்மா, காலியான பிரியாணி அண்டாவை, எங்கள் ஊர்ப் பேச்சில் டேக்சாவை, கொடுத்தாள். போன்கள் விழுந்தன. சாமியின் சீடர் ஜாய், கறுப்புக் கண்ணாடி போட்ட நடுவயது ஆள், எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறவர். அவர் மட்டும் தயங்கினார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் அவரும் போட்டார். பட்டன் போன். சாமியைப் பார்த்தார்கள். சாமி இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, துறவிக்கு ஏது போன் என்றார். கூட்டம் உருகியது. மூடி போட்டு, டேக்சாவைப் பானிபூரி வண்டிகளுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள்.

சாமி கூப்பிட்டார். "சின்னப்பா. வந்துட்டியாப்பா?"

சின்னப்பா வரவில்லை. சாமி ஒயர் நுனியை வயிற்றில் இன்னும் அழுத்தினார். மறுபடி கூப்பிட்டார். நெற்றி வேர்த்தது. நம்பிக்கை இல்லாதவர்கள் நடுவே ஆத்மா எப்படி வரும் என்றார். கூட்டம் வினோலியாவை முறைத்தது. கொர்னேலியஸ் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். அந்த நேரத்தில் ஜாய் மெதுவாக டேக்சா பக்கம் நகர்ந்தார். வினோலியா அவருக்கு முன்னால் அங்கே போய் நின்றாள்.

"இன்னா ஜாய் அண்ணே, யாருக்காவது பேசணுமா? நான் போட்டுத் தர்றேன்."

ஜாயின் போனை எடுத்துக்கொண்டு வந்து மாமியாரிடம் கொடுத்தாள். பச்சை பட்டனை இரண்டு தரம் அழுத்தினால் கடைசியாகக் கூப்பிட்ட ஆளுக்குத் திரும்பப் போகும். அதைக் காட்டிக் கொடுத்தாள்.

"அத்தே, நீங்களே கூப்புடுங்க."

ஞானசுந்தரி அழுத்தினாள். ‘டிட்டிடிட், டிட்டிடிட், டிட்டிடிட்’ என்று ஸ்பீக்கர் தட்டியது. கூட்டம் கைகூப்பியது. பாவம், சாமிக்குக் காருக்குள்ளிருந்து எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடியபடியே, "வந்துட்டாரு பாருங்க," என்றார் நிம்மதியாக.

வினோலியா சிவப்பு பட்டனைக் காட்டினாள். ஞானசுந்தரி அழுத்தினாள், சின்னப்பா நின்றார். பச்சையை அழுத்தினாள், வந்தார். சிவப்பு, போனார். மறுபடி பச்சையை அழுத்தினாள். அந்தத் தரம் அவள் நிறுத்தவில்லை, அடிக்க விட்டபடியே நின்றாள். தேவா காருக்குள் எட்டிப் பார்த்தார். மெல்லிய ஜிப்பாவுக்குள், ஒயர் நுனி பட்ட இடத்தில் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது.

"சாமி," என்றார் தேவா, "உங்க தொப்புளு எரியுது."

சாமி கண்ணைத் திறந்தார். இடுப்பு வேட்டிக்குள் போன் கிர்கிர் என்று அதிர்ந்துகொண்டிருந்தது. ஞானசுந்தரி கார்க் கதவண்டை வந்தாள். கையில் ஜாயின் போன் இருந்தது.

"என் வூட்டுக்காரரு அன்னிக்குச் சாப்பாட்ட எடுக்காம போனாரு. கோவமாவே செத்தாரான்னு கேக்கத்தான் வந்தேன்," என்றாள். "இதுக்கு இன்னா பதில் வெச்சிருந்த? எத்தினி தட்டு தட்டியிருப்ப?"

நேசமணி தலையைக் குனிந்துகொண்டார். "மூணுதாம்மா," என்றார். "அதுல வேற வராது."

பிறகுதான் கூட்டம் பாய்ந்தது. தாடியைப் பிடிக்க நாலு கை நீண்டது. ஸ்பீக்கர் மாட்டியவர்களுக்கு இப்போது அடையாளமும் தெரிந்துவிட்டது. வினோலியா குறுக்கே நின்று, தட்டுதான் தீர்ந்தது, முனகல் இன்னும் இருக்கிறது, மாட்டியவரே சரிசெய்யட்டும் என்றாள். நேசமணி இறங்கினார். பின்பக்கம் திறந்து, ஆம்ப்ளிபயரின் எர்த் ஒயரை அவிழ்த்தார். பெயின்ட்டின் மேலேயே திருகியிருந்தது, அவர் திருகியதுதான். கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் ஒயரை இறுக்கினார். கொர்னேலியஸ் ஆக்சிலேட்டரை மிதித்தான். வைண்டிங் இன்ஜின் போன இடம் தெரியவில்லை. மற்ற கார்க்காரர்கள் வரிசை கட்டினார்கள். பொழுது சாயும்வரை குனிந்து வேலை செய்தார். கச்சிதமான வேலை. தாடி இல்லாத நேசமணியிடம் இந்த வேலைக்கு ஒருவரும் வரிசையில் நின்றதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். சமர்ப்பித்த இரண்டு கார்களும் அன்று மாலையே வீடு திரும்பின. ஆத்மாக்கள் பஸ் பிடித்துப் போயிருக்கும்.

திரும்பும்போது காரில் பாட்டு தெளிவாகக் கேட்டது. பாதி வழியில் ஞானசுந்தரி அதைக் குறைக்கச் சொன்னாள். அவள் அழுதிருந்தாள், இப்போது அழவில்லை.

"உங்க மாமா எப்பவுமே மறதிக்காரரும்மா," என்றாள் மருமகளிடம். "கொடைய வுட்டுட்டு வருவாரு, செருப்ப வுட்டுட்டு வருவாரு. டப்பாவயும் மறந்துதான் போயிருப்பாரு. எனக்கு இது முந்தியே தோணியிருக்கணும்."

அந்த அம்மாள் தேறிவிட்டாள். ஊரைப் பற்றித்தான் கவலை. ஜாயின் பட்டன் போனை நல்ல விலைக்குக் கேட்டு அன்றே ஒருவர் வந்தாராம், ஆத்மா அதில்தானே வந்தது என்று. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டு பிரிட்ஜ் இரண்டு நாளாக முனகுகிறதாம், வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்திருக்கின்றன. ஐயா, அம்மா, வெறுங்கூண்டை ஒரு தரம் ஓட்டிப் பார்க்காமல் காலை வைக்காத ஊர் இது. சுரங்கத்தை மூடச் சொல்லித்தான் சர்க்கார் உத்தரவு போட்டது. புத்தியையும் சேர்த்து மூடச் சொல்லி உங்களுக்கு யார் உத்தரவு போட்டார்கள்?